ஃபைல் ஆபீஸில், நான் சைட்டில்

காரைக்குடியில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையும் எடுத்துச் செய்கிறேன். ஆபீஸ் மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர், அதில் 4 டிபி ஹார்ட் டிஸ்க். ஆட்டோகேட் வரைபடங்கள், அவற்றின் பிடிஎஃப்கள், பட்டா நகல்கள், அப்ரூவல் கடிதங்கள், எஸ்டிமேட்டுகள், சைட் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். ஒரு பழைய வீட்டை அளந்து முடிப்பதற்குள் நிலைவாசல், தூண், உத்தரம், ஆத்தங்குடிக் கல், ஓடு இறங்கிய இடம் என்று போட்டோவும் வீடியோவுமாகவே பல ஜிபி சேர்ந்துவிடும். என் லேப்டாப்பில் இருப்பதோ 256 ஜிபி. போனில் 128. மூன்றிலும் எல்லாம் இருக்க வேண்டும் என்றால் நடக்காது.

இடம் இருந்தாலும் நான் அப்படி வைக்க மாட்டேன். சிங்க், அதாவது எல்லாக் கருவியிலும் ஃபைலைத் தானாக ஒன்றுபோல வைக்கும் முறை, கடைசியில் நகல்தான். மூன்று கருவியில் மூன்று நகல் இருந்தால், நெட் இல்லாத நேரத்தில் ஒன்றில் திருத்தியது மற்றதற்குப் போய்ச் சேராது. இன்னொருவர் அதே ஃபைலை வேறு இடத்தில் திருத்தியிருப்பார். அப்புறம் அதே பெயரில், பின்னால் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஃபைல் ஒன்று முளைக்கும். சாதாரணக் கடிதம் என்றால் பரவாயில்லை. பீம் கம்பி விவரம் உள்ள வரைபடத்தில் பழையது எது, புதியது எது என்ற குழப்பம் வந்தால், கான்கிரீட் போட்ட பிறகுதான் வெளியே தெரியும். அதனால் ஃபைல் ஒரே இடத்தில் இருக்கட்டும். நான் எங்கிருந்தாலும் அங்கே போய் எடுத்துப் பார்க்கிறேன் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். விண்டோஸ் கம்ப்யூட்டர், சாதாரண ஃபைபர் இணைப்பு, ஒரு போன் இருந்தால் யாரும் செய்துகொள்ளலாம்.

200 ஜிபிக்குள் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம்

முதலில் உங்கள் ஃபைல்களின் மொத்த அளவைப் பாருங்கள். நூறு, இருநூறு ஜிபிக்குள் அடங்கும் என்றால் கூகுள் டிரைவிலோ ஒன்ட்ரைவிலோ காசு கொடுத்து இடம் வாங்கி, எல்லாவற்றையும் அங்கே வைத்துவிடலாம். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான், அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

இரண்டிலும் ஃபைல் பெயர் மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் தெரியும்படியும், திறக்கும்போது மட்டும் உள்ளே இறங்கும்படியும் வைக்கலாம். ஒன்ட்ரைவில் 2017 முதலே இந்த வசதி இருக்கிறது. பெயர் ‘ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்’. ஃபைல் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அது நெட்டில் மட்டும் இருக்கிறது. வெள்ளையில் பச்சை டிக் என்றால் ஒருமுறை திறந்ததால் இறங்கியிருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும்படி நீங்களே சொல்லி வைத்தது. ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் மறுபடி நீல மேகமாகிவிடும். கூகுள் டிரைவை கம்ப்யூட்டரில் நிறுவினால் அதன் அமைப்புகளில் ‘ஸ்ட்ரீம்’, ‘மிரர்’ என்று இரண்டு இருக்கும். மிரர் என்றால் முழு நகல். நமக்கு வேண்டியது ஸ்ட்ரீம். அது தனி டிரைவாக, பெரும்பாலும் ‘ஜி’ என்ற எழுத்தில் வந்து நிற்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, லேப்டாப்பில் இடம் வேண்டுமென்று ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது எல்லா இடத்திலும் போய்விடும். இடத்தைக் காலி செய்வது வேறு, அழிப்பது வேறு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், ஒன்ட்ரைவின் தனிநபர் கணக்கிலும் அப்படித்தான். அதற்குள் நினைவு வந்தால் சரி. இரண்டு, பேக்கப் மென்பொருள் ஏதாவது இந்த ஃபோல்டரைத் தொட்டால், பெயராக மட்டும் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து இறக்கி, டிஸ்க்கை நிரப்பிவிடும்.

என் விஷயத்தில் டிபி கணக்கில் போய்விட்டதால் வாடகையும் கட்டுப்படியாகவில்லை, எல்லாவற்றையும் மேலே ஏற்றுவதற்கான பொறுமையும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரையே எட்டிப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

வெளியிலிருந்து ஏன் நேராகப் போக முடியாது

ரூட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்துவிட்டால் வெளியிலிருந்து வந்துவிடலாம் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது வேலைக்கு ஆகாது. ஒரே பொது ஐபி எண்ணுக்கு (இணையத்தில் ஓர் இணைப்பின் முகவரி) பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருப்பார்கள். உங்கள் ரூட்டர் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற ஐபி எண்ணைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ நீங்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள். என்ன போர்ட் திறந்தாலும் வெளியாள் உங்கள் வாசல்வரை வர முடியாது.

வர முடிந்தாலும் திறக்காதீர்கள். விண்டோஸ் ஃபைல் பகிர்வு 445 என்ற போர்ட்டில் நடக்கிறது. 2017 மே மாதத்தில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் முடக்கிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் அந்தப் பகிர்வு முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. 445-ஐ இணையத்துக்குத் திறந்து வைக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் அந்த வரியோடு மூடிவிடலாம்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து நான் பயன்படுத்துவது டெயில்ஸ்கேல். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். வயர்கார்டு என்ற குறியாக்க முறையின் மேல் கட்டப்பட்டது. உங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் இதை நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், அவை எந்த ஊரில் எந்த நெட்டில் இருந்தாலும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதுபோல ஒன்றையொன்று பார்க்கும். டெயில்ஸ்கேல் நிறுவனத்தின் சர்வர் கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்கிறது. அதன் பிறகு ஃபைல் இரண்டு கருவிகளுக்கு இடையே நேராகப் போகும். நேர்வழி கிடைக்காதபோது நடுவில் ஒரு சர்வர் வழியாகப் போகும்; அப்போதும் பூட்டியபடிதான் போகும், நடுவில் இருப்பவரால் படிக்க முடியாது. ஸீரோடியர் என்று இதேபோல் இன்னொன்றும் இருக்கிறது. சொந்தமாக வயர்கார்டு அமைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது

பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. அப்புறம் திருப்பத்தூர் ரோட்டில் நின்றுகொண்டு கனெக்ட் ஆகவில்லை என்று புலம்புவார்கள்.

தூங்கக் கூடாது. பவர் அமைப்புகளில் கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணையலாம், கம்ப்யூட்டர் அணையக் கூடாது.

கரண்ட் போய் வந்தால் தானாக எழ வேண்டும். இது விண்டோஸில் இல்லை, அதற்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போனால், ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ போல ஒரு வரி இருக்கும். மதர்போர்டுக்கு ஏற்பச் சொல் கொஞ்சம் மாறும். அதை ‘பவர் ஆன்’ என்று மாற்றுங்கள். நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலையில் கரண்டை நிறுத்தினால் யூபிஎஸ் தாங்காது; சாயங்காலம் கரண்ட் வரும்போது ஆபீஸில் ஆள் இருக்காது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அன்றைய மீதி நேரம் வீண்.

ரூட்டரும் அதோடு உள்ள ஃபைபர் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கம்ப்யூட்டரை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள்.

அடுத்து டெயில்ஸ்கேல் நிறுவுங்கள். கூகுள் கணக்கிலேயே நுழையலாம். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் போட்டிருங்கள், ஏனென்றால் இனி அதுதான் ஆபீஸ் சாவி. கடிகாரம் பக்கத்தில் உள்ள டெயில்ஸ்கேல் ஐகானை ரைட் கிளிக் செய்து, விருப்பங்களில் ‘ரன் அனட்டெண்டட்’ என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் தானாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்போதும் இணைப்பு இருக்கும்.

இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் அனுமதியும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் திடீரென்று காணாமல் போகும். அதன் நிர்வாகப் பக்கத்தில் கருவிகள் பட்டியலில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, ‘டிஸேபிள் கீ எக்ஸ்பைரி’ கொடுத்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும். போனுக்கும் லேப்டாப்புக்கும் காலாவதி இருப்பதே நல்லது, அவைதான் தொலைந்துபோகிறவை.

அதே பக்கத்தில் கம்ப்யூட்டருக்குச் சின்னதாக ஒரு பெயர் வைக்கலாம். இனி எல்லாக் கருவியிலும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடலாம். பெயர் எடுபடாவிட்டால் பட்டியலில் அதற்கு நேரே 100 என்று தொடங்கும் எண் இருக்கும், அதைப் போடுங்கள். ரூட்டரில் பார்த்த 100-உம் இதுவும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபோல்டரைப் பகிர்வது

விண்டோஸில் பகிர்வுக்கென்றே தனியாக இரண்டு லோக்கல் பயனர்களை உருவாக்குங்கள். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று ‘சைட்’, இன்னொன்று ‘மேசை’. சைட் என்பது போனுக்கு, பார்க்க மட்டும். மேசை என்பது லேப்டாப்புக்கு, திருத்தவும் செய்யலாம். இரண்டுக்கும் நீளமான பாஸ்வேர்டு. நீங்கள் அன்றாடம் நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையே இதற்கும் பயன்படுத்தப் பார்த்தால் அங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள்: நான்கு இலக்கப் பின்னைப் போட்டுப் பார்ப்பார்கள், ஏற்காது. பின் என்பது அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வர முழு பாஸ்வேர்டு வேண்டும். தனிப் பயனர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

பிறகு ஃபோல்டரை ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ டிக் செய்து, பெர்மிஷன்ஸில் ‘எவ்ரிஒன்’ என்பதை நீக்கிவிட்டு நம் இரண்டு பயனர்களையும் சேருங்கள். சைட்டுக்கு ரீட் மட்டும், மேசைக்கு சேஞ்சும். அப்புறம் பக்கத்திலேயே உள்ள செக்யூரிட்டி பட்டியலிலும் அதே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், எது குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் செல்லும். ‘எல்லாம் சரியாகக் கொடுத்தேன், ஆக்ஸஸ் டினைடு என்கிறதே’ என்ற புலம்பல்கள் பலவற்றுக்கும் இதுதான் காரணம்.

போனுக்கு ரீட் மட்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேராகப் போய்விடும். சிமெண்டு கையோடு போனை நோண்டும்போது விரல் எங்கே படும் என்று யாருக்குத் தெரியும்.

லேப்டாப்பில் டெயில்ஸ்கேல் ஆன் செய்துவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ எடுங்கள். முகவரியில் இரண்டு பின்சாய்கோடு, கம்ப்யூட்டர் பெயர், ஒரு பின்சாய்கோடு, பகிர்வுப் பெயர். பயனராக ‘மேசை’. அவ்வளவுதான், ஒரு டிரைவ் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும். லேப்டாப் டிஸ்க்கில் ஒரு பைட்டும் ஏறாது. வராவிட்டால், ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், மெட்டீரியல் ஃபைல்ஸ், சாலிட் எக்ஸ்ப்ளோரர் எதுவும் சரி. நெட்வொர்க் பகுதியில் எஸ்எம்பி (விண்டோஸ் பகிர்வு முறையின் பெயர்) வகையைத் தேர்ந்து அதே விவரங்களைக் கொடுங்கள். ஐபோனில் தனி ஆப் வேண்டாம். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் ஆப்பிலேயே மூன்று புள்ளியைத் தட்டினால் ‘கனெக்ட் டு சர்வர்’ இருக்கிறது. போன்களில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் (இணையத்தில் பூட்டிய தனிப்பாதை) ஓடும். டெயில்ஸ்கேலும் போனுக்கு ஒரு விபிஎன்தான். கம்பெனி விபிஎன் வைத்திருப்பவர்கள் மாற்றி மாற்றித்தான் போட வேண்டும்.

முதல் சோதனையை ஆபீஸ் வைஃபையில் செய்யாதீர்கள். அங்கே எதுவும் வேலை செய்யும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

வேகம் எங்கே அடிபடுகிறது

வெளியிலிருந்து ஃபைல் எடுக்கும்போது உங்கள் டவுன்லோட் வேகம் இரண்டாவது விஷயம். ஆபீஸின் அப்லோட் வேகம்தான் முதல் தடை. நெட் கம்பெனி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண்ணை விட்டுவிட்டு, ஸ்பீடு டெஸ்ட்டில் இரண்டாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால் 300 எம்பி ஃபைல் வந்து சேர எல்லாம் சரியாக இருந்தாலும் 2 நிமிடம். 3 எம்பி பிடிஎஃப் என்றால் ஒன்றிரண்டு விநாடி. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எதை எப்படித் திறப்பது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

இன்னொரு தடை, தூரம். விண்டோஸ் பகிர்வு முறை ஒரு ஃபோல்டரைத் திறக்கவே போவதும் வருவதுமாகப் பல தடவை பேசும். மூவாயிரம் போட்டோ கொட்டிக் கிடக்கும் ஃபோல்டரை போனில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்து ஃபோல்டரைப் பிரிப்பதுதான். நான் ஆண்டு, ஊர், வேலை என்று மூன்று படி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்குள்ளும் போட்டோக்கள் தேதிவாரியாக. ‘நடப்பு’ என்று ஒரு ஃபோல்டர் தனியாக உண்டு. அதில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் கடைசிப் பிடிஎஃப் மட்டும். திருத்தம் வந்தால் புதியது உள்ளே போகும்போதே பழையது வெளியே போய்விடும். போனுக்கு நான் பகிர்ந்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஃபோல்டரைத்தான்.

அதன் பலன் சைட்டில் தெரியும். மேஸ்திரி மேலேயிருந்து கூப்பிடுவார்.

“இன்ஜினியரம்மா, படிக்கட்டு லேண்டிங்ல கம்பி பத்தா, பன்னெண்டா?”

“இருங்க மேஸ்திரி, பார்த்துச் சொல்றேன். வாட்ஸ்அப்ல இருக்குறதைப் பார்க்காதீங்க, அது போன மாசத்தது.”

“அதுல பத்துன்னு போட்டிருக்கேம்மா.”

“அதான் சொல்றேன், பார்க்காதீங்க. பன்னெண்டு, நூத்தம்பதுக்கு ஒண்ணு.”

அவ்வளவுதான் வேலை. இதற்காக 2 டிபியைப் போனில் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

டவர் கிடைக்காத சைட்டுகளும் உண்டு. அங்கே போவதாக இருந்தால் முந்தின ராத்திரியே வேண்டிய பிடிஎஃப்களை மட்டும் போனில் இறக்கிக்கொண்டு, திரும்பி வந்ததும் அழித்துவிடுவேன். நகல் கூடாது என்று சொல்லிவிட்டு இதுவா என்றால், ஒரு நாள் ஆயுள் உள்ள நகலால் கெடுதல் இல்லை.

வரைபடத்தைத் திருத்துவது வேறு கதை. மேப் செய்த டிரைவிலிருந்து ஆட்டோகேட் ஃபைலை நேராகத் திறக்கலாம், திறக்கும். ஆனால் சேமிக்கும் நடுவில் மொபைல் நெட் விட்டுப் போனால் ஃபைல் பழுதாக வாய்ப்பு உண்டு. வெளி ஃபைல்களை இணைத்து வரைந்திருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போகும். அதனால் நான் லேப்டாப்புக்கு நகலெடுத்து, அங்கே வேலை செய்து, திரும்ப ஏற்றுகிறேன். நகலெடுத்ததும் ஆபீஸில் உள்ள ஃபைலின் பெயருக்குப் பின்னால் ‘கையில்’ என்று சேர்த்துவிடுவேன். ஆபீஸில் இருக்கும் தம்பி அதைப் பார்த்தால் தொட மாட்டான். திரும்ப ஏற்றும்போது அடுத்த திருத்த எண் போட்டு ஏற்றிவிட்டு, ‘கையில்’ என்றிருப்பதைப் பழையது ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவேன். சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாத ஏற்பாடு, இரண்டு மூன்று பேர் உள்ள ஆபீஸுக்குப் போதும்.

ஃபைல் மிகப் பெரியது என்றால் அதை இழுக்கவே வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையையே லேப்டாப்பில் பார்த்து வேலை செய்யலாம். வேலை அங்கே நடக்கும், படம் மட்டும் இங்கே வரும். விண்டோஸ் ப்ரோ என்றால் ரிமோட் டெஸ்க்டாப் கூடவே இருக்கிறது. ஹோம் பதிப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் அப்படி நுழைய முடியாது, குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் நாட்களில் நான் பாதி வேலையை இப்படித்தான் முடிக்கிறேன். கோடு போடும்போது மவுஸ் சற்றுப் பின்தங்கி வரும், ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும்.

சில நெட்டில் மட்டும் எல்லாமே மந்தமாக இருந்தால், நேர்வழி கிடைக்காமல் நடு சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். லேப்டாப்பில் வைஃபையை மாற்றியோ, போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியோ பாருங்கள். ரூட்டரில் ஐபிவி6 (ஐபி எண்ணின் புதிய முறை) அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அது இருந்தால் நேர்வழி எளிதில் அமையும்.

வீட்டுக்காரர்களுக்கு

பழைய வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று போட்டோ கேட்பார்கள். அவர்களை என் டெயில்ஸ்கேலுக்குள் சேர்ப்பதில்லை. கேட்ட போட்டோக்களை மட்டும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, பார்வைக்கு மட்டும் என்று லிங்க் அனுப்பிவிடுவேன். வேலை முடிந்ததும் லிங்க்கை நிறுத்திவிடுவேன். அவர்கள் ஆப் நிறுவவும் வேண்டாம், நான் கவலைப்படவும் வேண்டாம்.

கரண்ட் பில்லும் பேக்கப்பும்

சும்மா இருக்கும்போது 50 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் மாதம் 36 யூனிட். உறுத்தினால், 10 வாட்டுக்குள் ஓடும் மினி கம்ப்யூட்டரோ, ‘ராஸ்பெரி பை’ என்ற கையளவு கம்ப்யூட்டரோ வாங்கி, அதில் டிஸ்க்கை மாட்டிப் பகிரலாம். மாதம் சுமார் 7 யூனிட்டில் முடியும். ராஸ்பெரி பையில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்குக்குத் தனிப் பவர் இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுநடுவே கழன்றுவிடும். நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் ஃபைல் வைப்பதற்கென்றே உள்ள டிஸ்க் பெட்டி) வாங்க வசதி இருப்பவர்கள் வாங்கலாம். சினாலஜி போன்றவற்றில் டெயில்ஸ்கேலை நேரடியாகவே நிறுவ முடிகிறது.

ஃபைல் ஒரே இடத்தில் என்பது வேலை செய்வதற்கான ஏற்பாடு, பாதுகாப்புக்கான ஏற்பாடு இல்லை. அந்த ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. என்னிடம் இரண்டு வெளி டிஸ்க்குகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்று ஆபீஸுக்கு வரும், பேக்கப் முடிந்ததும் வீட்டுக்குப் போகும். அடுத்த வெள்ளி மற்றது. எப்போதும் ஒன்றாவது கம்ப்யூட்டரில் செருகாமல், வேறு கூரைக்கு அடியில் இருக்கும். செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப் டிஸ்க் என்று வாங்கி அதை நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கும் ஆபீஸ்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

போன் தொலைந்துவிட்டால் செய்ய வேண்டியது இரண்டு. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தாவது டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து அந்தப் போனைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். உடனே அது வெளியாள் ஆகிவிடும். பிறகு ‘சைட்’ பயனரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போனுக்கென்று தனிப் பயனர் வைத்ததால் லேப்டாப்பில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு அந்தப் போனுக்கே வரும்படி வைத்திருந்தால் நீங்களே உள்ளே நுழைய முடியாது; கூகுள் கணக்கின் பேக்கப் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் அச்சடித்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஆபீஸ் கம்ப்யூட்டர் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நான் வெளியூரில் இருந்து இணைப்பு கிடைக்காமல் கூப்பிட்டால் தம்பி பார்க்க வேண்டிய வரிசை. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் நெட் கம்பெனிக்குப் போன், வேறு எதையும் தொட வேண்டாம். இல்லையென்றால் ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடு. கம்ப்யூட்டர் ஓடுகிறதா, லேன் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு மின்னுகிறதா? டெயில்ஸ்கேல் ஐகானில் ‘கனெக்டட்’ என்று இருக்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய். ஆட்டோகேட் திறந்திருந்தால் சேமித்துவிட்டுச் செய்.